முகமூடிக்காரரின் குழாய்க் கதை

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சன்னலே இல்லாத ஓர் அறையில் அவருக்கு வேலை. வருகிறவர்களுக்கு முகமூடி செய்து கொடுப்பார். வேஷம் கட்டுகிற முகமூடி அல்ல. தலையிலோ கழுத்திலோ புற்றுக்கட்டி வந்தவர்களுக்குக் கதிர்ச் சிகிச்சை கொடுக்கும்போது தலை ஒரு நூல்கூட நகரக் கூடாது. நகர்ந்தால் கட்டிக்குப் போக வேண்டிய கதிர் கண்ணுக்குப் போய்விடும். அதற்காக முகத்தின் மேல் கவிழ்த்துக் கட்டிலோடு பூட்டி வைக்கிற முகமூடி.

செய்முறையில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. சல்லடை போல ஓட்டை போட்ட வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு. வெந்நீர்த் தொட்டியில் ஊறப் போட்டால் துவண்டு ஈரத்துணி மாதிரி ஆகிவிடும். அதைத் துடைத்து, சூடு பொறுக்குமா என்று புறங்கையில் வைத்துப் பார்த்து, படுத்திருப்பவர் முகத்தில் போட்டு, இரண்டு பக்கமும் இழுத்துக் கொக்கியில் மாட்ட வேண்டும். மூக்கு, புருவம், தாடை எல்லாவற்றையும் விரலால் ஒற்றி ஒற்றிப் படிய வைக்க வேண்டும். ஆறிவிட்டால் கல். அந்த ஒரு முகத்தைத் தவிர வேறு எந்த முகத்துக்கும் உதவாது.

ஆஸ்பத்திரியில் அவரை முகமூடிக்காரர் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ஊமைக்கோட்டான்.

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு பயம் அவருக்கு," என்பார் பெரிய சிஸ்டர். "படுங்க, நகராதீங்க, ஆச்சு, எந்திரிங்க. நாலு வார்த்தைல நாளை ஓட்டிடுவாரு மனுஷன்."

வீட்டில் அந்த நாலு வார்த்தைக்கும் வேலை இல்லை. அவர் மனைவி, மகளின் பிரசவத்துக்கு உதவியாக வெளிநாடு போனார். ஆறு மாதம் என்று சொல்லித்தான் போனார். குழந்தை தவழ்ந்தது, நடந்தது, அடுத்த குழந்தையும் பிறந்தது. புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்திருந்தால் சமாதானம் என்று ஒன்று வந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் போன் வரும்.

"சாப்டீங்களா?"

"ஆச்சு."

"உடம்பு?"

"இருக்கு."

"வேற என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல."

அப்புறம் அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழும். வைத்துவிடுவார்கள். அவர் குளியலறைப் பக்கம் போவார். அங்கே குழாய் ஒன்று வெகுநாளாகச் சொட்டிக் கொண்டிருந்தது. வாளியைச் சரியாக அடியில் நகர்த்தி வைத்துவிட்டு வந்து படுப்பார். வீட்டில் அவரைத் தவிரச் சத்தம் போடுகிற ஜீவன் அந்தக் குழாய் ஒன்றுதான்.

*

அந்தச் சிறுமி முதன்முதலாக அடித்தளத்துக்கு வந்தபோது கையில் ஒரு பிளாஸ்டிக் வாத்து வைத்திருந்தாள். வயது ஏழு. மருந்து ஏறித் தலைமுடியெல்லாம் கொட்டியிருந்தது. எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளை என்பதால் அவளைத் தொடுகிற எல்லோரும் வாயையும் மூக்கையும் துணியால் மறைத்துக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு. ஆகவே அவள் பார்த்ததெல்லாம் அவருடைய கண்ணாடியும் நெற்றியும்தான்.

"எங்க கிளாஸ்ல என்னை வாத்துன்னு கூப்பிடுவாங்க," என்றாள் அவள், கேட்காமலே. "நான் மூக்கால பேசறேனாம்."

மூக்கால்தான் பேசினாள். மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே, வெளியிலிருந்து யார் பார்த்தாலும் தெரியாத இடத்தில் கட்டி இருந்தது. அபூர்வமான கட்டி. இத்தனை பெரிய ஆஸ்பத்திரிக்கே வருஷத்துக்கு ஒன்றிரண்டு பிள்ளைகள் இப்படி வந்தால் அதிகம். அபூர்வமாக வருவதால்தான் யாரும் அதை முதலில் நினைப்பதில்லை. ஒரு பக்க மூக்கு அடைத்தது. சளி என்றார்கள். ராத்திரியில் குறட்டை. சதை வளர்ச்சி, பிள்ளைகளுக்குச் சகஜம் என்றார்கள். ஒரு காது மந்தமானது, டிவியைச் சத்தமாக வைத்தாள். பிடிவாதம் என்று அப்பா அதட்டினார். அதே பக்க மூக்கில் சளியோடு ரத்தம் கலந்து வந்தது. விரலை விட்டு நோண்டியிருப்பாள் என்றார்கள். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் சொன்னார்கள். ஒரே பக்கத்தில், ஒரே பிள்ளைக்கு, மருந்து கொடுத்தும் போகாமல் இத்தனையும் சேர்ந்து வருகிறதே என்று கோர்த்துப் பார்க்க ஆள் இல்லை.

அவள் அம்மா தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கடையில் வேலை. மகளுடைய சட்டையும் அவள் தைத்ததுதான்.

"இடுப்புல ரெண்டு தடவை பிடிச்சுக் குடுத்தேன் சார். உடம்பு அவ்வளவு இளைச்சுட்டா," என்றாள், அவர் தகட்டை அளந்து கொண்டிருந்தபோது. அவர் கேட்கவில்லை. ஆனால் அந்த அறைக்கு வருகிற அம்மாக்கள் சுவரிடமாவது சொல்லிவிட்டுத்தான் போவார்கள். "ஒரு நாள் காலையில காலர் பட்டன் போட வரல. இழுத்துப் பார்க்கறேன், எட்டல. இளைச்ச புள்ளைக்குக் கழுத்து மட்டும் எப்படி சார் பெருக்கும்? தடவிப் பார்த்தா, காதுக்குக் கீழ கல்லு மாதிரி. அமுக்கினா வலிக்கவும் இல்லேங்கறா. வலிக்கலியேன்னு சந்தோஷப்பட்டேன் சார், பாருங்க."

அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். அவர் மூக்கு வழியாகக் குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்த உடனே பேச்சைக் குறைத்துவிட்டார். சதைத் துணுக்கு எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். கட்டி பாதிக்கு மேல் சுருங்கியது. மீதியைக் கத்தி வைத்து எடுக்க முடியாத இடம். கதிர் கொடுத்தாக வேண்டும். ஆறு வாரம், வாரத்தில் ஐந்து நாள்.

சிக்கல் இங்கேதான். இந்த வயதுப் பிள்ளைகள் படுக்க மாட்டேன் என்றால் மயக்கம் கொடுத்துப் படுக்க வைப்பார்கள். இவளுக்கு அப்படிச் செய்யப் பயந்தார்கள்.

"மூச்சு போற வழி இன்னும் குறுகலாத்தான் இருக்கு," என்றார் கதிர்ச் சிகிச்சை டாக்டரம்மா. "தினமும் மயக்கம் குடுத்தா என்னைக்காவது ஒருநாள் அடைச்சுக்கும். அப்படிக் குடுத்துத்தான் ஆகணும்னா கழுத்துல துளை போட்டு, குழாய் வச்சுட்டுத்தான் குடுக்கணும். சிகிச்சை முடியற வரைக்கும் அந்தக் குழாய் இருக்கும். அது இருந்தா சத்தமாப் பேச வராது."

"வேண்டாம்மா," என்றாள் தையல்காரி. "அவ படுப்பா. நான் சொல்லிப் படுக்க வைக்கறேன்."

"ஒரு வாரம் ஒத்திகை பார்ப்போம். வர்ற திங்கக்கிழமை ஆரம்பிச்சாகணும், கட்டி நமக்காகக் காத்திருக்காது. அதுக்குள்ள முழிச்சுக்கிட்டு ஆடாமப் படுக்கணும். இல்லேன்னா துளைதான்."

டாக்டரம்மாவைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்லிவிட முடியாது. கணக்கைக் கணக்காகச் சொன்னார்.

*

முகமூடி செய்வதில் முகமூடிக்காரர் ஒரு விஷயத்தில் கறார். அழுகிற முகத்துக்குத் தகடு போட மாட்டார். அழுதால் கன்னமும் கண்ணிமையும் வீங்கும். வீங்கின முகத்துக்குச் செய்த முகமூடி மறுநாள் தொளதொளக்கும். அதனால் அந்தச் சிறுமி, வாத்து, அழுதபோது அவர் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவள் அழுது ஓய்ந்து, மூக்கை உறிஞ்ச முடியாமல் வாயால் மூச்சு வாங்கி, "ஏன் ஒண்ணும் பண்ண மாட்டேங்கறீங்க?" என்றாள்.

"வீக்கம் வடியட்டும்."

"எவ்வளவு நேரம்?"

"வடியற வரைக்கும்."

"அதுவரைக்கும் சும்மாவே உக்காந்திருப்பீங்களா?"

"ஆமா."

இந்த மனிதரிடம் அழுது பிரயோசனமில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் தானே படுத்தாள். மூக்கு அடைத்த பிள்ளை என்பதால் வாய்க்கு நேரே தகட்டைப் பெரிதாக வெட்டி வழி விட்டார். பிளாஸ்டிக் வாத்துக்கும் மிச்சத் துண்டில் ஒரு முகமூடி செய்து போட்டார். முகமூடி அருமையாக அமைந்தது.

மறுநாள் ஒத்திகையில்தான் வம்பு வந்தது. கதிர் மிஷின் இருக்கிற அறைக்கு ஆள் உயரத்தைத் தாண்டிய கனத்த கதவு. பிள்ளையைப் படுக்க வைத்து, முகமூடியைப் பூட்டி, எல்லோரும் வெளியே வந்து, கதவை மூடி, திரையில் பார்க்க வேண்டும். முகமூடிக்கு அவள் பயப்படவில்லை. கதவுக்குப் பயந்தாள். கதவு மூடிய உடனே கையைத் தூக்கினாள். கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்பது ஒப்பந்தம். ஓடிப்போய்த் திறந்தார்கள்.

"எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்."

"போகலடி, வெளியதான் நிக்கறோம்," என்றாள் அம்மா.

"எனக்கு எப்படித் தெரியும்?"

ஞாயமான கேள்வி. மைக்கில் அம்மாவைப் பேச வைத்தார்கள். "கண்ணு, அம்மா இங்கதான்..." என்றதும் தையல்காரி அழுதுவிட்டாள், உள்ளே பிள்ளைக்கு உதடு துடித்தது. அம்மா குரல் வேண்டாம் என்றாயிற்று. பெரிய சிஸ்டர் பாடினார். வாத்தும் கூடச் சேர்ந்து பாட, தாடை ஆடியது. பதிவு செய்த கதை போட்டார்கள். பாதியில் கை தூக்கினாள்.

"அது டப்பாதான் பேசுது. ஆள் இருந்தாலும் பேசும், இல்லாட்டியும் பேசும்."

வியாழக்கிழமை ஆகிவிட்டது. எல்லோரும் கைபிசைந்து நின்றார்கள். முகமூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க வந்திருந்த முகமூடிக்காரர் ஓரமாக நின்றார்.

"அந்த மாமா பேசட்டும்," என்றாள் வாத்து.

பெரிய சிஸ்டர் சிரித்தேவிட்டார். "போயும் போயும் ஆளைப் பிடிச்சா பாரு. ஏண்டி, அவரு கிணத்துல போட்ட கல்லு மாதிரி ஆச்சே!"

"அதான். அவரு அழ மாட்டாரு, பாட மாட்டாரு."

அவர் மைக் முன்னால் உட்கார வைக்கப்பட்டார். கதவு மூடியது. திரையில் அந்தச் சின்ன உடம்பு தெரிந்தது. அவர் தொண்டையைச் செருமினார். பேச ஒன்றுமே இல்லை. உள்ளே அவள் விரல்கள் மெல்ல உயரத் தொடங்கின. பதறிப்போய், வாயில் வந்ததைச் சொன்னார்.

"எங்க வீட்ல பாத்ரூம் குழாய் சொட்டுது."

விரல்கள் நின்றன.

"வெகு நாளாச் சொட்டுது. கீழ ஒரு வாளி வச்சிருக்கேன். நீல வாளி. கைப்பிடி இல்ல. காலையில எந்திரிச்சுப் பார்த்தா முக்கால் வாளி ரொம்பியிருக்கும். முழுசா ரொம்பாது. ஏன்னு தெரியல..."

கதவு திறக்கும்வரை அந்த வாளியை விட்டு அவர் நகரவில்லை. அவளும் நகரவில்லை.

*

திங்கட்கிழமை கதிர் ஆரம்பித்தது. முகமூடி செய்கிற வேலைக்கு நடுவில் நாளுக்குக் கால் மணி நேரம் அவரை மிஷின் அறைக்கு விட்டுக் கொடுத்தார்கள். கதிர் பாய்கிற நேரம் சில நிமிஷம்தான். தலை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று படம் எடுத்து ஒத்துப் பார்த்து, சரி செய்து, மீண்டும் ஒத்துப் பார்ப்பதில்தான் நேரம் ஓடும். அத்தனை நேரமும் அவர் பேச வேண்டும். பேச்சு நின்றால் ஆள் போய்விட்டதாக அர்த்தம்.

முதல் வாரம் நன்றாகப் போயிற்று. நன்றாகப் போனதுதான் தப்பாகிவிட்டது. பேசப் பேச அவருக்கு ருசி தட்டிவிட்டது. வருஷக் கணக்கில் பூட்டிக் கிடந்த வாய் அல்லவா. ஒரு நாள் பஸ்ஸில் முன்சீட்டுக்காரருடைய டோப்பா முடி சன்னல் கம்பியில் மாட்டிக்கொண்ட கதையை எடுத்தார். கொஞ்சம் மசாலா சேர்த்தார். "அவரு இறங்கிப் போயிட்டாரு, முடி மட்டும் பஸ்லயே வந்துட்டிருக்கு. கண்டக்டர் அதுக்கும் டிக்கெட் கேக்கறாரு..."

உள்ளே வயிறு குலுங்கியது. முகமூடிக்குள் தாடை இழுபட்டது. மிஷினை இயக்குகிற பெண் பட்டென்று பட்டனை அமுக்கிக் கதிரை நிறுத்தினாள்.

டாக்டரம்மா இறங்கி வந்தார். நல்லவேளை, நகர்ந்தது முடியளவு. உடனே நிறுத்தியதால் சேதம் இல்லை. ஆனால் முகம் கறுத்துத்தான் பேசினார். "என்ன சார், உங்களுக்குத் தெரியாததா? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என்னால ரிஸ்க் எடுக்க முடியாது. கழுத்துல குழாய் வச்சுடுவேன்."

"தப்புதான்," என்றார். அவ்வளவுதான் வந்தது. முப்பது வருஷமாக "நகராதீங்க" என்று சொல்லியே பிழைத்தவர், தானே ஒரு பிள்ளையை நகர வைத்துவிட்டார்.

வெளியே வாத்து கேட்டாள். "மாமா, திட்டிட்டாங்களா? நான்தானே சிரிச்சேன்."

"நான்தானே சொன்னேன்."

அன்றிலிருந்து அவர் தனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். சிரிப்பு வருகிற மாதிரி சொல்லக் கூடாது. அழுகை வருகிற மாதிரியும் கூடாது. அடுத்து என்ன ஆகுமோ என்று மூச்சைப் பிடிக்க வைக்கவும் கூடாது. உப்புச் சப்பில்லாமல் இருக்க வேண்டும். ஆனால் தூங்கித் திடுக்கிட்டு விழிக்கிற அளவுக்கும் போய்விடக் கூடாது. கேட்க லேசாக இருக்கிறதே தவிர, உட்கார்ந்து யோசித்தால் உலகத்தில் அப்படிப்பட்ட விஷயம் கிடைப்பது கஷ்டம். நல்லவேளையாக அவர் வாழ்க்கை முழுக்க அதுதான் இருந்தது.

கடையில் சோப்பு வாங்கினார். பச்சையா மஞ்சளா என்று யோசித்து மஞ்சள் வாங்கினார். ஜோடி சேராத காலுறை மூன்று இருந்தது. முட்டை வேக வைத்தார், ஓடு உரிக்கும்போது கொஞ்சம் வெள்ளையும் சேர்ந்து வந்துவிட்டது. மாடிப்படியில் ஒரு விளக்கு எரிகிறது, ஒரு விளக்கு எரியவில்லை. இப்படியெல்லாம் சொன்னார். காலையில் எழுந்ததிலிருந்து வாத்துக்கு என்ன சொல்லலாம் என்று பார்த்துக்கொண்டே நடந்தார். பல வருஷமாகக் கண்ணில் படாத தன் வீடே அவர் கண்ணில் பட ஆரம்பித்தது.

எல்லாம் தீர்ந்தால் குழாய் இருந்தது. நேற்று இரண்டு சொட்டுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி, இன்று எவ்வளவு என்று அரைத்த மாவையே அரைத்தார். திரையில் அவள் வலது கைச் சுட்டுவிரல் லேசாக மேலும் கீழும் அசையும். விரல் அசையலாம், அதற்குத் தடையில்லை. "ம், அப்புறம்?" என்று அதற்கு அர்த்தம் என்று அவராகவே எடுத்துக்கொண்டார்.

"அந்தக் குழாய்க்கு ஒரு வாஷர் மாத்தினா நின்னுடுமே சார்," என்றாள் மிஷின் பெண் ஒரு நாள்.

"தெரியும்."

"அப்ப மாத்தலாமே?"

"மாத்திட்டா நாளைக்கு எதைச் சொல்றது?"

*

மூன்றாவது வாரத்துக்கு மேல் கதிர் தன் வேலையைக் காட்டியது. வாய்க்குள் புண். எச்சில் பசை மாதிரி ஆகிவிட்டது. கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது. சாப்பாடு வேப்பங்காயாகி, பிறகு தண்ணீர்கூட இறங்கவில்லை. மூக்கு வழியாக வயிற்றுக்கு மெல்லிய குழாய் போட்டு அதில் ஊட்டினார்கள். இதெல்லாம் வரும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். சொன்னதால் நோவு குறையவில்லை. ஆனால் தையல்காரி பயந்து சிகிச்சையை நிறுத்திவிட்டு ஓடவில்லை. பாதியில் நிறுத்தினால் பட்டதெல்லாம் வீண்.

வாத்து இளைத்துப் போய், முகமூடி கன்னத்தில் தொளதொளத்தது. மறுபடி புதிதாகச் செய்தார். இந்தத் தடவை அவள் அழவில்லை. வீக்கம் வடியக் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லாததே அவருக்கு என்னவோ போல் இருந்தது. ஆறுவதற்காகக் காத்திருந்து தகட்டைக் கழற்றினார். அவள் உள்ளே ஏதோ சொல்லக் காத்திருந்தவள் போல உடனே பேசினாள். புண் வாயால் மெல்ல.

"மாமா, உங்க கதைல ஏன் ஆளே வர மாட்டேங்கறாங்க?"

"வராங்களே. சோப்புக் கடைக்காரர் வந்தாரே."

"வீட்ல. உங்க வீட்ல குழாய் இருக்கு, வாளி இருக்கு, முட்டை இருக்கு. ஆளு யாருமே இல்லையா?"

அவர் வெந்நீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். "எங்க வீட்டம்மா இருக்காங்க. வெளிநாட்ல. மக வீட்ல."

"அவங்களுக்குக் குழாய் பத்தித் தெரியுமா?"

"தெரியாது."

"போன் பண்ண மாட்டாங்களா?"

"பண்ணுவாங்க."

"அப்ப ஏன் சொல்லல?"

"அவங்க என்ன விசேஷம்னுதான் கேப்பாங்க. இது விசேஷம் இல்லையே."

வாத்து அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பெரியவர்கள் முட்டாள்தனமாகப் பேசும்போது பிள்ளைகள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. தையல்காரி, "வாயை வலிக்கப் போகுது, பேசாதடி," என்று தூக்கிக்கொண்டு போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது "வேற என்ன விசேஷம்?" என்ற கேள்விக்கு அவர் கொஞ்சம் தயங்கினார். தயங்கியதை அந்தப் பக்கம் கவனித்ததாகத் தெரியவில்லை. "ஒண்ணுமில்ல," என்றார்.

கடைசி நாளும் வந்தது. கதவு திறந்தது. பெரிய சிஸ்டரும் மிஷின் பெண்ணும் கை தட்டினார்கள். துளை போடாத கழுத்தோடு, கறுத்து உரிந்த கழுத்தோடு, வாத்து கட்டிலை விட்டு இறங்கினாள். சிலர் முகமூடியை வீட்டுக்குக் கேட்டு வாங்கிப் போவார்கள், வண்ணம் தீட்டி மாட்டி வைப்பார்கள். அவர் அவளுடையதைத் துடைத்து நீட்டினார்.

"வேண்டாம்," என்றாள். அவரைப் பார்க்கவில்லை. அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தாள். "போலாம்."

தையல்காரி இரண்டு கையையும் கூப்பினாள். அவர்கள் லிஃப்டில் ஏறினார்கள். அவர் அந்த முகமூடியை இரண்டாக உடைத்துக் கழிவுப் பெட்டியில் போட்டார். வைத்துக்கொண்டு என்ன செய்வது? அடுத்த ஆள் காத்திருந்தார், தொண்டையில் கட்டி வந்த ஒரு டிரைவர். "படுங்க," என்றார். "நகராதீங்க."

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் ஒருவர் இரண்டு வேறு வேறு செருப்பு போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். வாத்துக்குச் சொல்லலாமா, சிரித்துவிடுவாளோ என்று யோசித்துவிட்டு, அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

*

கதிர் முடிந்த கையோடு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதில் பிரயோசனமில்லை. எல்லாம் வெந்து வீங்கிக் கிடக்கும். எது கட்டி, எது புண் என்று தெரியாது. மீதி மருந்தை ஏற்றி முடித்து, ஆறப் போட்டு, அப்புறம்தான் பார்க்க வேண்டும். அந்த மாதங்களில் அவர் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் பதில் சொல்லிவிடுவார்களே என்ற பயம்.

ஒரு காலை பெரிய சிஸ்டரே அடித்தளத்துக்கு இறங்கி வந்தார். "உம்ம வாத்து வந்திருக்கு. ஸ்கேன் சுத்தமா இருக்காம். டாக்டரம்மா இப்பத்தான் சொன்னாங்க."

அவர் கையில் பிடித்திருந்த தகட்டைக் கீழே வைத்தார்.

"இன்னும் வருஷக் கணக்குல பார்த்துட்டே இருக்கணும், அது வேற. ஒரு காது கொஞ்சம் மந்தம்தான், பல்லும் சரியா முளைக்குமோ என்னவோ. ஆனா பேச்சு கணீர்னு இருக்கு. மேல சைல்டு வார்டு வராந்தால குதிச்சிட்டிருக்கா. போய்ப் பாரும். எதுக்கு இப்படி நிக்கறீரு, கோட்டான் மாதிரி?"

படியேறிப் போனார். வராந்தாவில் அவள் அவரைக் கவனிக்காமல் பக்கவாட்டில் நின்று, தரைக் கற்களில் கறுப்பை மிதிக்காமல் வெள்ளையிலேயே தாவித் தாவி விளையாடிக் கொண்டிருந்தாள். தலையில் அரை விரல் நீளத்துக்கு முடி முளைத்து, அதில் பிடிவாதமாக ஒரு சிவப்புக் கிளிப். சட்டை காலர் பட்டன் போட்டிருந்தது. அம்மா சற்றுத் தள்ளி மருந்துச் சீட்டை வாங்கிக் கொண்டிருந்தாள்.

என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அதற்குள் சைல்டு வார்டு நர்ஸ் அவரைப் பார்த்துவிட்டு, "என்ன சார், நீங்க மேல?" என்றாள்.

"சும்மாதான். ஒண்ணுமில்ல," என்றார்.

வாத்து ஒரு வெள்ளைக் கல்லில் நின்றாள். தாவவில்லை. கைகள் இரண்டும் தாமாக இறங்கி உடம்போடு ஒட்டிக்கொண்டன. முகவாய் கொஞ்சம் மேலே ஏறியது. கண் மூடிக்கொண்டது. வாய் மட்டும் சிறிதாகத் திறந்து, அதன் வழியாக மூச்சு போய் வந்தது. திரையில் ஆறு வாரம் பார்த்த அதே கிடப்பு, நின்ற நிலையில். வலது கைச் சுட்டுவிரல் லேசாக மேலும் கீழும் அசைந்தது.

அவருக்குப் புரிய ஒரு கணம்தான் ஆயிற்று. இவளுக்கு அவர் முகம் தெரியாது. குரல்தான் தெரியும். குரல் கேட்டால் உடம்பு தானாக முகமூடிக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. மருந்து ஏற்றின நர்சைச் சந்தையில் பார்த்து வாந்தி எடுக்கிற பிள்ளைகள் உண்டு. இது அந்த வகை. பிள்ளை மேல் தப்பில்லை, யார் மேலும் தப்பில்லை.

நர்ஸ் இன்னும் ஏதோ கேட்டாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். தையல்காரி திரும்பி, அவரைக் கண்டு, முகமெல்லாம் மலர்ந்து வாயைத் திறந்தாள். அவர் உதட்டின் மேல் விரலை வைத்தார். அவள் மகளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அம்மா அல்லவா, உடனே பிடிபட்டுவிட்டது. மலர்ந்தது அப்படியே நின்று, கண் மட்டும் நிறைந்தது. அவர் சத்தமில்லாமல் வந்த வழியே நடந்தார். படி முனையில் திரும்பிப் பார்த்தபோது வாத்து கண்ணைத் திறந்து, ஏன் நின்றோம் என்று தெரியாதவள் போலச் சுற்றிலும் பார்த்துவிட்டு, அடுத்த வெள்ளைக்குத் தாவினாள்.

கீழே பெரிய சிஸ்டர் காத்திருந்தார். "என்ன சொன்னா?"

"நல்லா இருக்கா."

"அது நான் சொன்னது. அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல," என்றார். வெந்நீர்த் தொட்டியில் தகட்டைப் போட்டார்.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்குப் போய் ஒரு வாஷர் வாங்கி வந்தார். அரை மணி நேர வேலை. குழாய் நின்றது. நீல வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வீடு அப்படியொரு அமைதியாகிவிட்டது. குண்டூசி விழுந்தால் கேட்கும். ஆனால் போடுவதற்கு யாரும் இல்லை. இவ்வளவு நாளும் அந்தச் சொட்டு எவ்வளவு பெரிய துணையாக இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. மறுபடியும் லேசாகத் திருகி விட்டுவிடலாமா என்றுகூட எழுந்தார்.

மாலையில் போன் வந்தது.

"சாப்டீங்களா?"

"ஆச்சு. முட்டை."

அந்தப் பக்கம் ஒரு நொடி தயக்கம். இத்தனை வருஷத்தில் என்ன சாப்பிட்டார் என்பது சேர்ந்து வந்ததில்லை. "உடம்பு?"

"இருக்கு."

"வேற என்ன விசேஷம்?"

வாய்வரை வந்துவிட்ட "ஒண்ணுமில்ல"வை அவர் விழுங்கினார்.

"குழாயைச் சரி பண்ணிட்டேன்."

"எந்தக் குழாய்?" என்றார் மனைவி.

எங்கேயோ ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. இதோ வைத்துவிடுவார் என்று அவர் காத்திருந்தார். வைக்கவில்லை. போனைக் காதிலிருந்து நகர்த்தி யாரிடமோ, "கொஞ்சம் தூக்கும்மா, அப்பா ஏதோ சொல்றாரு," என்பது கேட்டது.

அவர் தொண்டையைச் செருமினார்.

"பாத்ரூம்ல ஒரு குழாய் இருக்கில்ல. அது வெகு நாளாச் சொட்டிட்டு இருந்துச்சு. கீழ ஒரு வாளி வச்சிருந்தேன். நீல வாளி. கைப்பிடி இல்ல..."